பலகையிலும் மேசையிலும் அரக்கர்: பரமபதப் படமும் பாத்திர விளையாட்டும்

கற்பனைப் பாத்திர விளையாட்டு என்பது மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு. ஒருவர் மட்டும் கதைமாந்தர் எவரையும் ஏற்காமல், உலகத்தை விவரிப்பவராகவும் விதிகளைச் சொல்பவராகவும் இருப்பார். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு உள்ள பல வேலைகள் அவருக்கும் உண்டு. இவ்வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது 1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் அதை உருவாக்கினர். அந்த முதல் பதிப்பிலேயே இராட்சதர்கள் இடம்பெற்றனர். இன்றுவரை அவர்கள் அந்த விளையாட்டை விட்டு நீங்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு வெகுகாலம் முன்பே பகடை உருட்டி ஆடும் பலகை ஒன்றில் அரக்கர்கள் இருந்தார்கள். அது பரமபத சோபானப் படம். இக்கட்டுரை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது. கொள்ளிடத்தின் தென்கரையில் உள்ள திருவரங்கமும் வடகரையில் உள்ள மண்ணச்சநல்லூர் வட்டாரமும் இதற்குக் களம். அரக்கரைப் பற்றிய கதை, சிற்பம், நிகழ்த்துகலை, விளையாட்டு ஆகிய நான்கும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் பகுதிகள் குறைவு.

சொல் பற்றிய குறிப்பு

‘இராட்சதன்’ என்ற தமிழ்ச் சொல் ‘ராட்சசன்’ என்பதிலிருந்து வந்தது. ‘அரக்கன்’ என்பதும் அதே மூலத்தின் பழைய தமிழ் வடிவம். இன்றைய செய்தித்தாள் தமிழில் ராட்சத அலை, ராட்சத குழாய், ராட்சத கிரேன், திருவிழாவில் ராட்சத ராட்டினம் என்று எழுதுகிறோம். அதாவது அந்தச் சொல்லில் நாம் உருவத்தின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டோம். ஆங்கில விளையாட்டு இதற்கு நேர்மாறாகச் செய்தது என்பதைப் பின்னர் காணலாம். இக்கட்டுரையில் ஐரோப்பியக் கதைகளில் வருவோரை இராட்சதர் என்றும், நம் புராண மரபினரை அரக்கர் என்றும் குறிப்பிடுகிறோம். அசுரர், அரக்கர், பூதம் ஆகியோர் புராணங்களில் வெவ்வேறு குலத்தினர். ஆனால் மக்கள் வழக்கில் இந்த எல்லைகள் எப்போதும் கலந்தே இருக்கின்றன.

பரமபதப் படத்தின் அரக்கர்

மார்கழி வளர்பிறை ஏகாதசியான வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருக்க வேண்டும் என்பது வைணவ வழக்கம். அந்த இரவைக் கழிக்கத் தாயக்கட்டையோ சோழியோ உருட்டிப் பரமபதம் ஆடுவார்கள். தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே நுழையும். ஏணியில் ஏறி, பாம்பில் இறங்கி, உச்சியில் உள்ள பரமபதத்தை அடைந்தால் ஆட்டம் முடியும். இந்தியாவின் பல பகுதிகளில் வைணவ, சமண வடிவங்களில் இருந்த இந்த விளையாட்டே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ‘ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்’ என்ற பெயரில் அச்சானது. அங்கே போனதும் புராணப் பெயர்கள் உதிர்ந்து, நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற பள்ளிக்கூட ஒழுக்கம் ஏறிக்கொண்டது. நாளடைவில் அதுவும் போய் வெறும் எண்கள் மிஞ்சின.

நம் பழைய அச்சுப் படங்களில் பாம்புகளுக்குப் பெயர் உண்டு. பகாசுரன், நரகாசுரன், இரணியன், இராவணன் போன்ற பெயர்கள் பாம்புகளின் தலைமாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பெயர்களும் கட்டங்களின் எண்ணிக்கையும் படத்துக்குப் படம் மாறும். ஏணிகளுக்குப் பக்தி, ஞானம் போன்ற பெயர்கள் இருக்கும். ஆடுபவரின் காய் ஓர் உயிர். அந்த உயிர் இராவணன் வாயில் விழுந்தால் கீழே போகிறது. ஆனால் அதன் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. மறுபடியும் உருட்டி ஏறலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அரக்கனை யாரும் எதிர்த்துப் போரிடுவதில்லை. அவனை வெல்ல விதியே இல்லை. அவன் பாதையில் ஓர் இடம். விழுந்தால் எழ வேண்டிய இடம். ஆடுபவருக்குத் தேர்வு எதுவும் கிடையாது, கட்டை சொன்னபடி போக வேண்டியதுதான். விளையாட்டு என்ற அளவில் இது குறை. சிறுவயதில் பரமபதம் ஆடியவர்கள் பலர், உச்சிக்கு முந்தைய வரிசையில் இருக்கும் பெரிய பாம்பிடம் மாட்டி அடிமட்டத்துக்குப் போன எரிச்சலை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

வாசலில் நிற்பவர்கள்

பரமபதத்தின் வாசலில் நிற்கும் காவலர்கள் ஜெயனும் விஜயனும். பெருமாள் கோயில்களில் கருவறைக்கு முன் துவாரபாலகர்களாக நிற்பவர்கள் இவர்களே. பாகவத புராணத்தின்படி, சனகர் முதலிய முனிவர்களை உள்ளே விடாமல் தடுத்ததால் இவர்கள் சாபம் பெற்றனர். அதன் விளைவாக இரணியாட்சன், இரணியகசிபு என்றும், பின்னர் இராவணன், கும்பகர்ணன் என்றும், அதன் பின்னர் சிசுபாலன், தந்தவக்கிரன் என்றும் மூன்று முறை பிறந்தார்கள். ஏழு பிறவி அடியாராகவா, மூன்று பிறவி பகைவராகவா என்று கேட்கப்பட்டபோது, சீக்கிரம் திரும்பி வரலாம் என்பதால் மூன்றைத் தேர்ந்தார்கள் என்பது மக்களிடையே வழங்கும் கதை.

இதைப் பரமபதப் படத்தோடு சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. பாம்பின் தலையில் எழுதப்பட்ட இரணியனும் இராவணனும், உச்சியில் வாசல் காக்கும் இருவரும் ஒரே ஆட்கள்தாம். அரக்கனாக இருப்பது அவர்கள் சில காலம் ஏற்ற வேடம். ஆங்கிலத்தில் ‘ரோல்’ என்று சொல்லும் பொருள் இங்கே மிகப் பொருத்தமாகவே அமைகிறது.

திருவரங்கத்தில் அதே வைகுண்ட ஏகாதசியை ஒட்டி நடக்கும் அத்யயன உற்சவத்தில் அரையர் சேவை உண்டு. பகல்பத்து, இராப்பத்து நாள்களில் அரையர்கள் குல்லாய் அணிந்து, கைத்தாளம் தட்டி, திவ்வியப் பிரபந்தத்தைப் பாடி அபிநயத்தோடு பொருள் விளக்குவார்கள். இரணிய வதம், இராவண வதம், கம்ச வதம் ஆகியவை அவர்கள் நிகழ்த்தும் பகுதிகளுள் அடங்கும். இரணியனுக்கெனத் தனி வேடமோ முகமூடியோ கிடையாது. அடியாராகப் பாடிக்கொண்டிருந்த அதே மனிதர் அடுத்த நொடியில் அரக்கனாகிறார், பிறகு மீண்டும் அடியாராகிறார்.

கம்பர் தம் இராமாயணத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. தாயார் சன்னதிக்கு எதிரே உள்ள மண்டபம் கம்பர் மண்டபம் என்றே அழைக்கப்படுகிறது. அருகே மேட்டழகிய சிங்கர் சன்னதி. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்ததற்கு அறிஞர்கள் மறுப்புச் சொன்னதாகவும், மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றதாகவும் கதை உண்டு. அந்தப் படலத்தில் இரணியன் கதையைச் சொல்பவன் வீடணன், கேட்பவன் இராவணன். ஓர் அரக்கன் இன்னோர் அரக்கனுக்கு, முன்பிருந்த அரக்கனின் முடிவைச் சொல்லி எச்சரிக்கிறான். அரக்கர் குலத்துக்குள்ளேயே அறம் பற்றிய விவாதம் நடக்கிறது என்பதே இதில் முக்கியம்.

மேசைக்கு இராட்சதர் வந்த வழி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர்ப் பொம்மை விளையாட்டிலிருந்து பிறந்தது. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ இடைக்காலப் போர்களுக்கான விதிநூல். அதன் பின்னிணைப்பாக வந்த கற்பனைப் பகுதியில் இராட்சதர்கள் இருந்தார்கள். அங்கே அவர்களின் வேலை எளிது: பல வீரர்களுக்குச் சமமாக நிற்பது, பாறை எறிவது. ஒரு கவண்பொறிக்குக் கால் முளைத்தால் எப்படியோ அப்படி.

1974-இன் பதிப்பில் அவர்கள் வகை பிரிக்கப்பட்டனர். குன்று, கல், உறைபனி, நெருப்பு, மேகம் என ஐந்து. புயல் இராட்சதர் அடுத்த ஆண்டின் இணைப்பு நூலில் சேர, 1977-இல் வெளியான ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் ஆறும் ஒன்றாக நின்றன. உறைபனி, நெருப்பு வகைகளின் மூலம் வட ஐரோப்பிய நோர்ஸ் புராணம். மற்றவற்றில் ஐரோப்பிய நாட்டார் கதைகளும் கைகாக்ஸின் கற்பனையும் கலந்துள்ளன. அந்நூலில் குன்று இராட்சதர் ஏறத்தாழ 10½ அடி உயரம், புயல் இராட்சதர் 21 அடி. குன்று இராட்சதரின் உயிர்வலிமையைக் கணக்கிட 8 பகடை, புயல் இராட்சதருக்கு 15.

இந்த எண்களுக்கு ஒரு பயன் இருந்தது. ஆடுபவர்கள் தொடக்கத்தில் எலி, எலும்புக்கூடு போன்றவற்றோடு மோதி வளர்கிறார்கள். எவ்வளவு வளர்ந்தோம் என்று அறிய ஓர் அளவுகோல் வேண்டும். குன்று இராட்சதரை எதிர்த்து நிற்க முடிந்தால் ஒரு படி; புயல் இராட்சதர் என்றால் அதற்கும் மேல். விளையாட்டில் கிடைக்கும் மந்திரப் பொருள்களில் ‘இராட்சத வலிமைக் கச்சை’ என்று ஒன்றுண்டு. அதை இடுப்பில் கட்டினால் கச்சையின் வகைக்கேற்ப குன்று முதல் புயல் வரை அந்தந்த இராட்சதரின் வலிமை வரும். வலிமைக்கே அவர்கள் பெயர்தான் அலகு.

1978-இன் மூன்று நூல்கள்

இராட்சதர்களுக்கு விளையாட்டில் நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தவை கைகாக்ஸ் 1978-இல் எழுதிய மூன்று சாகசங்கள். குன்று இராட்சதத் தலைவனின் மரக்கோட்டை, உறைபனி இராட்சதரின் பனிப்பிளவு, நெருப்பு இராட்சத அரசனின் மண்டபம் என வரிசையாகப் போகும் இவை முதலில் ஒரு விளையாட்டு மாநாட்டில் போட்டிக்காக ஆடப்பட்டன. 1981-இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. 2017-இல் புதிய விதிகளுக்கேற்ப மீண்டும் வெளிவந்தன.

கதை இது. இராட்சதர்கள் திரண்டு மனிதரின் ஊர்களைத் தாக்குகிறார்கள். அவர்களைத் தண்டிக்க வீரர்கள் அனுப்பப்படுகிறார்கள். முதல் நூலில் வீரர்கள் போய்ச் சேரும்போது பெருங்கூடத்தில் விருந்து நடந்துகொண்டிருக்கிறது. ஒளிந்து போகலாம், தீ வைக்கலாம், கீழே அடிமைப்பட்டுக் கிடப்போரின் கலகத்துக்குத் துணை போகலாம். ஆடுபவருக்குத் தேர்வு உண்டு. பரமபதத்தில் இல்லாதது இதுவே. போகப் போக, இராட்சதர்களைத் தூண்டிவிட்டவர்கள் வேறு யாரோ என்றும் தெரியவருகிறது.

அதே கோட்டையில் இளம் இராட்சதர்கள் தங்கும் கூடமும் இருக்கிறது. நூல் அவர்களையும் எண்களோடுதான் தருகிறது. அவர்களை என்ன செய்வது என்பதை மேசையில் இருப்பவர்களே முடிவு செய்ய வேண்டும். அப்போதைய விதிகளில் ஒவ்வோர் உயிரினத்துக்கும் அறச்சார்பு என்ற குறிப்பு உண்டு. குன்று, உறைபனி, நெருப்பு ஆகிய மூன்று வகையினரும் தீயோர் என்று குறிக்கப்பட்டிருந்தனர். பிறந்த இனத்தைக் கொண்டே ஒருவர் தீயவர் என்றால், அந்தக் கூடத்துக் கதவைத் திறக்கும் வீரர் என்ன செய்வார்? நாற்பது ஆண்டுகளாக ஆடுபவர்கள் வாதிட்டு வரும் கேள்வி இது.

பின்னர் 1995-இல் வந்த ஒரு நூல் இராட்சதர்களுக்கு ‘ஆர்ட்னிங்’ என்ற படிநிலை இருப்பதாக விரித்தது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் அது ஆறு வகைகளுக்கும் பொதுவான ஒழுங்காயிற்று. புயல் இராட்சதர் உச்சி, அடுத்து மேகம், நெருப்பு, உறைபனி, கல், கடைசியில் குன்று. குன்று இராட்சதரின் தலைவனே ஆனாலும் கல் இராட்சதரில் கடையனுக்குக் கீழ்தான். அவரவர் வகைக்குள் திறமையால் உயரலாம். வகை தாண்ட முடியாது. அமெரிக்க வாசகருக்கு இது விந்தையான கற்பனையாக இருந்திருக்கலாம். தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. 2016-இல் வெளிவந்த ‘ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர்’ என்ற சாகசம், அந்தப் படிநிலையை இராட்சதரின் கடவுளே உடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குகிறது.

புலித்தலை ராட்சசன்

1977-இன் அதே நூலில் ‘ராட்சச’ என்ற தலைப்பில் நம் ஊர் ஆளும் இருக்கிறான். ஆனால் அவனை அடையாளம் காண்பது கடினம். புலித்தலை, மேலங்கி, வாயில் புகைக்குழாய். மாயத் தோற்றம் காட்டி ஏமாற்றி மனிதரைத் தின்பவன். ஆசி பெற்ற அம்பு பட்டால் அவன் சாவான். உயரம் மனித அளவுதான். இதன் உடனடி மூலம் இராமாயணம் அன்று. 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ தொடரின் ஒரு பகுதியில் ராட்சசன் வருகிறான். நம்பிக்கைக்குரியவரின் உருவில் தோன்றுவதும் ஆசி பெற்ற அம்பால் வீழ்வதும் அங்கிருந்து வந்தவை. தமிழ் பேச்சு வழக்கு உருவத்தின் அளவை வைத்துக்கொண்டு ஆளை விட்டது. விளையாட்டு ஆளை எடுத்துக்கொண்டு அளவை விட்டது.

கொள்ளிடத்தின் இரு கரைகள்

இவ்வட்டாரத்தின் தலபுராணங்களில் அரக்கர்கள் கொல்லப்படுவதற்காக மட்டும் வருவதில்லை. திரிசிரன் என்ற மூன்று தலை அசுரன் வழிபட்டதால் திரிசிராப்பள்ளி என்பது ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. மண்ணச்சநல்லூர் வட்டத்தைச் சேர்ந்த சமயபுரத்தில் மாரியம்மன் உலா வரும் வாகனங்களில் பூத வாகனமும் உண்டு. அங்கே பூதம் அம்மனைச் சுமப்பவர். சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்துப் பூதங்களும் காவல் செய்து குற்றவாளிகளைத் தண்டிப்பவைதாம்.

அதே வட்டத்தில் உள்ள திருப்பைஞ்ஞீலியில் எமனுக்குக் குடைவரைச் சன்னதி இருக்கிறது. பதவி இழந்த எமன் அதைத் திரும்பப் பெற்ற தலம் என்பது நம்பிக்கை. எல்லோரும் அஞ்சும் அவர் அங்கே சிவனின் காலடியில் சிறு உருவமாகக் காட்டப்பட்டிருக்கிறார். சிற்பத்தில் உருவ அளவு என்பது பதவியின் அளவு. தஞ்சைப் பெரிய கோயிலின் வாயிற்காவலர் சிற்பம் ஒன்றில் யானையை ஒரு பாம்பு விழுங்கிக்கொண்டிருக்கும். யானையே பாம்புக்கு இரை என்றால் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பு காலருகே கிடக்கும் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காக்கும் இறைவன் எவ்வளவு பெரியவர் என்று பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். 21 அடி என்று எண் எழுதுவதை விட இது மேலான உத்தி என்றே தோன்றுகிறது.

கந்தசஷ்டியின் சூரசம்காரத்தில், ஆளுயரத்தை மிஞ்சும் சூரன் பொம்மையை ஆட்கள் தூக்கி வருவார்கள். யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாற்றி மாற்றிப் பொருத்தப்படும். ஒவ்வொரு தலையும் ஒரு கட்டப் போர். இறுதியில் மாமரமாக நிற்கும் சூரபத்மன் பிளக்கப்பட்டுச் சேவலும் மயிலுமாகிறான். முருகனின் கொடியிலும் வாகனத்திலும் நிலைபெறுகிறான்.

யார் அரக்கர்

இந்த மரபு முழுவதும் இனிமையானது என்று சொல்லிவிட முடியாது. யாரை அரக்கர் என்று அழைத்தார்கள், ஏன் அழைத்தார்கள் என்ற கேள்வியை 20-ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாடு உரக்கக் கேட்டது. புராணங்களின் அசுரரும் அரக்கரும் தோற்கடிக்கப்பட்ட திராவிடரே என்ற வாசிப்பைத் திராவிட இயக்கம் முன்வைத்தது. பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகம் 1934-இல் மேடையேறியது. அதில் இரணியன் வஞ்சிக்கப்பட்ட அரசன். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்தது. 1948-இல் அரசு அதைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1971-இல். அரக்கனை நாயகனாக்கிய ஒரு காவியம் 23 ஆண்டுகள் தடையில் இருந்திருக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் இக்கேள்விக்கு வந்து சேர்ந்தது 2020-இல். ஓர்க், டிரோ ஆகிய கற்பனை இனங்களைப் பிறவியிலேயே தீயோராகச் சித்தரித்தது, நிஜ உலகில் சில மக்களை இழிவுபடுத்திய முறையை நினைவூட்டுவதாக அது ஒப்புக்கொண்டது. இராட்சதர்களுக்கென 2023-இல் வெளிவந்த ‘பிக்பி பிரசன்ட்ஸ்: குளோரி ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ நூலில் அவர்கள் வரலாறும் சமயமும் உட்பகையும் கொண்ட மக்களாக வருகிறார்கள். இரண்டு விவாதங்களும் ஒன்றல்ல. இங்கே நடந்தது வாழும் மக்களின் மதிப்பு பற்றிய அரசியல். அங்கே நடந்தது ஒரு விற்பனைப் பொருளின் திருத்தம். ஆனாலும் கேள்வியின் வடிவம் ஒன்றே.

தமிழில் ஆட

2023 ஜனவரியில் அந்த விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பு படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடப்பட்டது. ஆறு இராட்சதர்களின் எண்களும் அதில் உள்ளன. மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். தமிழில் ஆட விரும்பும் மாணவர்கள் குன்று இராட்சதருக்கு வேட்டி கட்டிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டியதில்லை. வாசல் காப்பவர், சுமப்பவர், சாபத்தால் வேடம் ஏற்றவர், அண்ணனை எதிர்த்து அறம் பேசுபவர் என்று அரக்கருக்கான பாத்திரங்கள் இங்கே ஏற்கெனவே உள்ளன.

எடுத்துக்காட்டாகத் திருவரங்கத்தின் தலபுராணத்தையே ஒரு காட்சியாக வைக்கலாம். இராமனிடம் பெற்ற அரங்க விமானத்தோடு வீடணன் இலங்கைக்குத் திரும்புகிறான். வழியில் காவிரிக்கரை. அனுட்டானம் முடிக்கும் வரை பிடித்திருக்கச் சொல்லி ஒரு சிறுவனிடம் விமானத்தைக் கொடுக்கிறான். சிறுவனாக வந்த பிள்ளையார் அதைத் தரையில் வைத்துவிட, அது பெயராமல் நின்றுவிடுகிறது. கோபத்தில் துரத்திய வீடணன் மலையுச்சியில் பிள்ளையாரின் தலையில் குட்டுகிறான். மேசையில் இருப்பவர்கள் இந்தக் காட்சிக்குள் நுழைந்தால் யார் பக்கம் நிற்பார்கள், விமானத்தைப் பெயர்க்க முயல்வார்களா, அழும் அரக்கனிடம் என்ன சொல்வார்கள் என்பது அவர்கள் பாடு. தலபுராணத்தில் பெருமாள் சொன்ன பதில் ஒன்று உண்டு. அவர் தெற்கே இலங்கையைப் பார்த்தபடி பள்ளிகொண்டிருப்பது வீடணனுக்காக என்கிறார்கள்.